அறுபத்தொண்டாவது யூனிற்

பில் எழுதுற நிமலராசன்
மீற்றர்ப் பெட்டிக்குக் கீழ நிண்டு
"அக்கா, அறுபத்திநாலு" எண்டான்.
கையில புளி. கழுவாமல் ஓடி வந்தன்.
பிழையாய்ப் பாத்திருப்பாய், திரும்பப் பார்.
திரும்பப் பாத்தான்.
அறுபத்திநாலுதான்.

எங்கடை நாப்பத்தேழு யூனிற் வீடு.
நாலு பல்ப், ஒரு பான், ரீவி,
கிணத்து மோட்டர், சோத்துக் குக்கர்,
ஞாயிறு இரவில அயர்ன்.
பிரிஜ் இன்னும் வாங்கேல்லை.
மீன் முந்தியிட்டுது.

பரந்தனில ஒரு போன் கடை மூடேக்க
தவரூபன் அந்தத் தொட்டியை விலைபேசி
விசுவமடு வரைக்கும் கொண்டு வந்தார்.
முன்னால தொட்டி, பின்னால ஆரணி,
ஆரணியின்ரை கையில முடிஞ்ச பையுக்குள்ள
ரெண்டு ஏஞ்சலும் ஒரு தங்கமீனும்.
நான் கேட்டன்:
உடையார்கட்டுக் குளத்து யப்பான் மீனுக்கு
ஆரப்பா கறண்ட் கட்டுறது?

பம்ப் பூட்டின அண்டிரவு
அவர் எழும்பிப் போய்
முத்தத்தில நிண்டு வானத்தைப் பாத்தார்.
வண்டுச் சத்தம் மாதிரி, எண்டார்.
நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கும் கேட்டதுதான்.
விடிய, பழைய பாட்டாவில ஒரு துண்டு வெட்டி
பம்புக்குக் கீழ வைச்சார்.
சத்தம் பாதியாச்சு.

நிமலராசன் உள்ள வந்து குந்தினான்.
கண்ணாடியில விரலால தட்டினான்.
பழைய பில்லின்ரை முதுகில கணக்குப் போட்டான்.
"பில்டர் பதினைஞ்சு வாற். ராப்பகல் ஓடுது, பதினொரு யூனிற்.
காத்துப் பம்ப் நாலு வாற், மூண்டு.
லைற் பன்ரெண்டு வாற், எட்டு மணித்தியாலம், அதுவும் மூண்டு.
கூட்டுங்கோ."
கூட்டினன்.
மூண்டு மீன் பதினேழு யூனிற் தின்னுது.

அறுபது வரைக்கும் ஒரு விலையாம்.
அறுபத்தொண்டு எண்டா
முதலாவது யூனிற்றில இருந்தே வேற விலையாம்.
அது என்ன நியாயம், தம்பி?
போன கிழமை எரிச்சதுக்கும்
இண்டைக்கு எரிக்கிறதோ குற்றம்?
அவன் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு
"நான் எழுதுறவன் மட்டும், அக்கா" எண்டான்.

அண்டிரவு மூண்டு பேரும் பில்லைச் சுத்தி இருந்தம்.
லைற்றை நிப்பாட்டலாம், மீனுக்குப் படிப்போ கிடக்கு?
அறுபத்தொண்டு.
பில்டரைத் தொட ஆரணி விடமாட்டாள்.
ரீவியைத் தொட நான் விடமாட்டன்.
தவரூபன் கனநேரம் பேசாமல் இருந்திட்டு
"அப்ப அயர்ன்" எண்டார்.

கூட்டுறவுச் சங்கத்தில எழுதுவினைஞர்.
கொலரில ஒரு சுருக்கம் கண்டாலும்
திரும்பி வந்து மாத்திக்கொண்டு போற மனுசன்.
இப்ப ராவில ஈரச் சேட்டை உதறி,
பாயுக்குக் கீழ விரிச்சு,
அதுக்கு மேல நேராய்ப் படுக்கிறார்.
முழங்கையடியில ரெண்டு மடிப்பு மட்டும் போகுதில்லை.
மனேச்சர் கேட்டாராம்,
என்ன தவரூபன், வீட்டில கறண்ட் இல்லையோ?
இருக்கு சேர், எண்டாராம்.
மீனுக்கு.

ஐம்பத்தொம்பது, எண்டு
அடுத்த மாதம் நிமலராசன் கத்தின நேரம்
பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும்.

ஆனா எனக்கு நிக்கிறது அந்தக் கணக்கில்லை.
இடையில ஒருநாள், மழை பெய்து வயர் அறுந்து
சாமத்தில கறண்ட் போச்சு.
சத்தம் நிண்டதில எழும்பினன்.
சத்தம் வந்து எழும்பின வீடு இது.
பாய் வெறுமை. பாயுக்குக் கீழ சேட் கிடந்தது.

இருட்டுக்குள்ள தண்ணி விழுகிற சத்தம்.
தவரூபன் தொட்டியில கோப்பையால அள்ளி
உயரத்தில இருந்து ஊத்துறார்.
அள்ளுறார். ஊத்துறார்.
மீனுக்கு மூச்சு வேணுமாம்.
எவ்வளவு நேரமாய் எண்டு கேட்டன்.
தெரியேல்லை, நீ படு, எண்டார்.

நான் படுக்கேல்லை.
குசினியில மற்றக் கோப்பையைத் தடவி எடுத்தன்.
மீற்றர் ஓடேல்லை.